மண்ணெண்ணெய் வீட்டுக்கு ஒரு பாட்டரி வண்டி

உதியன்குளங்கரை
12-6-1997

தம்பி பொன்னுதாசுக்கு,

அக்கா செல்லபாய் எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். அது ஏன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்றுப் பகல் பதினொரு மணிக்குக் குடையும் தோல்பையுமாக ஒருவர் வந்தார். நான் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். மானிய ஆபீசில் இருந்து வருகிறாராம்.

"செல்லபாய் நீங்கதானா?" என்றார். ஆம் என்றேன்.

"வண்டி எங்க அம்மச்சி?"

"எந்த வண்டி?"

"பாட்டரியில ஓடுற மூணு சக்கர வண்டி. பிப்ரவரியில நீங்க எடுத்தது."

"நான் எடுத்தது ரெண்டு கிலோ மரச்சீனி ஆக்கும். அது இன்னா கெடக்குது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். ஆட்டுக்கூட்டைக் குனிந்து பார்த்தார், அதற்குள் வண்டியை ஒளித்து வைத்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு, வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பிளக் எங்கே என்று கேட்டார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சிம்னி விளக்கைக் காட்டினேன். "இதுல குத்த முடியுமா பாருங்க" என்றேன். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து கடலாசைப் பிரித்தார். பிறகு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

பாட்டரி வண்டிக்குச் சர்க்கார் மானியம் தருகிறதாம். விதவை என்றால் கூடுதலாம். அந்தக் கூடுதலை வாங்கிய விதவை நானாம்.

கடலாசு முழுக்க மலையாளம். அடியில் என் ஒப்பு, என் கையெழுத்து, தமிழில் கிடந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எங்கேயும் பெருவிரல் வைத்ததில்லை. என் எழுத்தை எனக்குத் தெரியாதா? அதற்குக் கீழே இரண்டு வரி மலையாளம். அதை அவர் வாசித்துச் சொன்னார். விண்ணப்பக்காரிக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும், அதனால் இதில் உள்ளதையெல்லாம் வாசித்துப் பொருள் சொல்லிக் கேட்பித்தோம், அவள் சம்மதித்து எங்கள் முன்னால் ஒப்புப் போட்டாள் என்று இரண்டு சாட்சிகள் ஒப்புப் போட்டிருக்கிறார்களாம்.

ஒன்று உன் ஒப்பு. ஆட்டுவால் மாதிரி மேலே தூக்கி நிற்கும், இருட்டிலும் அடையாளம் சொல்வேன். மற்றது யாருடையது? கடைசியில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு, அதன் தலையில் ஒரு புள்ளி. அவரிடம் கேட்டேன். "ஒப்பு மட்டும் கெடக்குது, பேரு எழுதல்ல. அதத்தான் நானும் கேக்க வந்தது" என்றார்.

தை மாதம் மூன்றாம் ஞாயிறு நீ வந்தாய். ஒரு சீப்பு ஏத்தன் பழம் கொண்டுவந்தாய், அதில் இரண்டு பழம் கன்றிப்போய் இருந்தது. "அக்கா, உன் வீட்டுக்குக் கரண்டு இழுக்க அப்ளிக்கேஷன் ஆக்கும், பென்சில் அடையாளம் வச்ச எடத்துல ஒப்பு போடு" என்றாய். தன்யா அப்போது விளக்கின் சில்லுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "படிச்சுப் பாரு மக்கா" என்று அவளிடம் கொடுத்தேன். அவளும் பார்த்துவிட்டு, "கரண்டுக்குத்தான் அம்மச்சி" என்றாள். ஒப்புப் போட்டுவிட்டு உனக்குப் பழம் பொரிக்க அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கடலாசு உன் பைக்குள் இருந்தது.

தாயும் தகப்பனும் இல்லாத என் பேத்தியின் கண்ணையும் அல்லவா நீ கட்டிவிட்டாய்.

நேரில் வராதே. வந்தால் நீ அழுவாய், நான் சோறு போடுவேன், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எழுத்தில் சொல். கரண்டுக்கு என்று சொல்லி வாங்கியது வண்டிக்கா? இரண்டாவது ஒப்பு யாருடையது?

அக்கா
செல்லபாய்


கள்ளிக்காடு
20-6-1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பொன்னுதாஸ் வணங்கி எழுதுவது. உன் எழுத்து கிடைத்த அன்று முதல் சோறு இறங்கவில்லை. நீ நினைப்பது போல் இது களவு இல்லை. விளக்கமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

ஜெயதாஸ் என் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் ஆறு வருஷமாக வேலை இல்லாமல் நிற்பதை நீயும் பார்க்கிறாய். இங்கே அணைக்கட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கூட்டம் வருகிறது தெரியுமா? பஸ் நிற்கிற இடத்தில் இருந்து பூங்காவுக்கு ஏற்றம். குழந்தைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி இருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு ஏஜென்ட் இந்தப் பாட்டரி வண்டியைப் பற்றிச் சொன்னார். பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது.

விலை ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். மூன்றில் ஒரு பங்கு சர்க்கார் மானியம். ரோடு டாக்ஸ் பாதி. விதவையின் பெயரில் எடுத்தால் இன்னும் பத்தாயிரம் கழிவு, விண்ணப்ப வரிசையிலும் முன்னால் நிற்கலாம். ஜெயதாஸ் பெயரில் போட்டால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார் ஏஜென்ட். "உங்க வீட்டுல விதவ ஆரும் உண்டா?" என்று கேட்டார். என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது.

அக்கா, பெயர் மட்டும்தான் உன்னுடையது. கடன் என்னுடையது, என் நிலத்தை வைத்து எடுத்தது. உனக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை.

கரண்டு விஷயமும் பொய் இல்லை. பெயர் உள்ளவரின் வீட்டில் சார்ஜ் ஏற்றுகிற பிளக் இருக்க வேண்டும் என்று அந்தக் கடலாசிலேயே இருக்கிறது. அதை வைத்து உன் வீட்டுக்கும் லைன் இழுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். ரோட்டில் இருந்து உன் வீட்டுக்கு மூன்று போஸ்ட் வேண்டும் என்று லைன்மேன் சொல்லிவிட்டான். கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. இப்போதைக்கு இங்கே என் வீட்டில் சார்ஜ் ஏற்றுகிறோம்.

இரண்டாவது சாட்சி யாரோ ஆபீஸ் வாசலில் நின்ற ஆள். இந்த மாதிரிக் காரியத்துக்கு அங்கே ஆட்கள் நிற்பார்கள். பெயர் எனக்கு ஓர்மை இல்லை.

ஜெயதாஸ் உன்னை வண்டியில் ஏற்றி அணைக்கட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். "மாமி ஒரு தடவ ஏறட்டும் அப்பா, கோவம் எல்லாம் எறங்கிப் போவும்" என்கிறான்.

உன் தம்பி
பொன்னுதாஸ்


உதியன்குளங்கரை
2-7-1997

பொன்னுதாசுக்கு,

ஏறுவதற்கு நான் வராமல் கோபம் எங்கே இறங்கும் என்று உன் மகனிடம் கேள்.

உனக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை என்று எழுதியிருந்தாய். நான் எழுதுவதை வாசி.

மே மாதம் வரவேண்டிய பென்ஷன் மணியார்டர் வரவில்லை. "சர்க்கார் கையில பணம் இல்லியாம் அம்மச்சி, ஓணத்துக்குச் சேத்துத் தருவாங்களாம்" என்று தன்யா சொன்னாள். பொறுத்திருந்தேன். உன் எழுத்து வந்தபிறகு எனக்கு மனசு பொறுக்கவில்லை. திங்கட்கிழமை மழையில் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து போனேன். அங்கிருந்த பெண் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மோட்டார் வண்டி சொந்தமாக உள்ளவர்களுக்கு விதவைப் பென்ஷன் கிடையாது, என் பெயரை ஏப்ரலிலேயே வெட்டிவிட்டார்கள் என்றாள்.

"எனக்கு எங்க பிள்ளே வண்டி?" என்றேன்.

"எழுத்துல உண்டே அம்மச்சி" என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

பணத்துக்காக அழுகிறேன் என்று நினைக்காதே. ஆடு உண்டு, நாலு மூடு தென்னை உண்டு, பட்டினி கிடக்கமாட்டேன். இது வேறே. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்துப்போன அன்றோடு என் பெயரும் போய்விட்டது. நான் உனக்கு அக்கா, உன் மகனுக்கு மாமி, ஊருக்கெல்லாம் அம்மச்சி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போஸ்ட்மேன் ராஜப்பன் முற்றத்தில் நின்று, "செல்லபாய், ஒப்புப் போட வாங்க" என்று கூப்பிடுவான். பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்ப்பார்கள். நான் சேலையை மாற்றிக்கொண்டுதான் போவேன். அந்த ஒரு விளி எனக்கென்று இருந்தது. அதைத்தான் நீ எடுத்தாய்.

பெயர் மட்டும்தான் என்று நீ எழுதிய வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். எழுபத்தொன்றில் அப்பன் வைத்துப்போன பதினெட்டு சென்டில் என் பங்கை வேண்டாம் என்று ஒழிந்து எழுதிக் கொடுத்த அன்றைக்கும், "பேருக்கு ஒரு ஒப்பு மட்டும் அக்கா" என்றாய். அன்று நீ போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. அந்தப் பங்கை நான் இப்போது கேட்கவில்லை. உனக்குக் கல்யாணம் என்று விட்டுக்கொடுத்தேன்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. ஐம்பத்தாறில் இந்த ஊர் கேரளத்தோடு சேர்ந்தபோது உனக்குப் பதினாலு வயது. அதுவரை தமிழ் படித்தவன் நீ. மணலில் உன் விரலைப் பிடித்து 'அ' எழுதச் சொல்லித் தந்தது நான். இனி வேலை வேண்டுமானால் மலையாளம் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். புஸ்தகம் வாங்க அப்பனிடம் பணம் இல்லை. என் காதில் கிடந்த கம்மலை நெய்யாற்றின்கரைச் சந்தையில் விற்று உனக்கு மலையாளப் புஸ்தகம் வாங்கித் தந்தேன். அந்தப் புஸ்தகத்தில் படித்த எழுத்தில்தான் நீ எனக்குக் குழி வெட்டியிருக்கிறாய். உன் அக்காவுக்கு எந்த எழுத்து தெரியாது என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மானிய ஆபீஸ்காரர் ஆகஸ்ட் நாலாம் தேதி என் வாக்குமூலம் எழுத வருகிறார். வாசித்துக் கேட்பிக்காமல் ஒப்பு வாங்கினார்கள் என்று நான் சொன்னால் மானியத்தைத் திருப்பிப் பிடிப்பார்களாம், வண்டியைக் கொண்டுபோவார்களாம், இரண்டு சாட்சிகள் மேலேயும் கேஸ் வருமாம். பென்ஷனையும் திரும்பத் தருவார்களாம். அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

ஆபீஸ் வாசலில் நின்ற ஆள் என்று எழுதினாயே. நீ இங்கே கடலாசைப் பையில் வைக்கும்போது மை காயட்டும் என்று ஊதினாய். பழம் பொரித்துக்கொண்டே அடுக்களையில் இருந்து நான் அதைப் பார்த்தேன். என் ஒப்பின் மை அதற்குள் காய்ந்திருக்கும். ஊதியது எந்த மையை?

செல்லபாய்


கள்ளிக்காடு
11-7-1997

அன்புள்ள அக்காவுக்கு,

காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாலாம் தேதி அப்படிச் சொல்லிவிடாதே.

பென்ஷன் பணத்தை மாதாமாதம் நான் தருகிறேன். கூட்டியும் தருகிறேன். ஜெயதாசுக்குக் காட்டாக்கடையில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறது. வண்டி உண்டு என்று சொல்லித்தான் பேச்சு தொடங்கியது. வண்டி போனால் அதுவும் போகும், வங்கிக்காரன் என் நிலத்துக்கு வருவான்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றால் ஒன்று சொல்கிறேன். அந்த வண்டியால் நாங்கள் சுகப்படவில்லை. ஏஜென்ட் சொன்னது சமநிலத்தின் கணக்கு. இங்கே ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றினால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கூலி கொடுத்து ஏறியவர்களே இறங்கித் தள்ளுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணக் கூட்டம் தள்ளிக்கொண்டே பூங்கா வரை போனது. மாப்பிள்ளை ஜெயதாசிடம், "எங்களுக்கு நீ கூலி தரணுமா, உனக்கு நாங்க தரணுமா?" என்று கேட்டானாம். காலையில் நாலு நடை ஓடினால் பிறகு எட்டு மணிநேரம் கம்பியில் கட்டிப் போட வேண்டியிருக்கிறது, பசுவை மாதிரி. விற்கவும் முடியாது. மானியம் வாங்கியதால் ஐந்து வருஷம் கைமாற்றக் கூடாது.

நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். யாரையாவது காட்டிக்கொடுத்தே தீரவேண்டும் என்றால் என்னைச் சொல். தம்பி ஏமாற்றினான் என்று சொல். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது ஒப்பை மட்டும் கேட்காதே அக்கா. அதைத் தோண்டாதே. அது உனக்கு நல்லதில்லை.

நான் ஆபீசுக்கு எழுதினாலும் வங்கிக்கு எழுதினாலும் மலையாளத்தில்தான் எழுதுகிறேன். இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தமிழில் எழுதுகிறேன். அதையாவது நினைத்துப் பார்.

உன் தம்பி
பொன்னுதாஸ்


உதியன்குளங்கரை
19-7-1997

பொன்னுதாசுக்கு,

நீ சொல்லாமலே சொல்லிவிட்டாய்.

தோண்டாதே என்று நீ எழுதியதை வாசித்தபோது, மாட்டினால் உனக்கு நோகாத யாரோ ஒரு ஆளாக இருந்தால் இப்படிப் பொத்திப் பிடிக்கமாட்டாய் என்று தோன்றியது. உன் மகனாக இருந்தால், அது உனக்கு நல்லதில்லை என்று எனக்குப் புத்தி சொல்லியிருக்கவும் மாட்டாய். பிறகு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை ராஜப்பனை வழியில் நிறுத்தி, ஏப்ரலில் பஞ்சாயத்தில் இருந்து எனக்கு எழுத்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "வந்துதே அம்மச்சி. ரெஜிஸ்டர். பிள்ள ஒப்புப் போட்டு வாங்கினா" என்றான். நான் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறேன் என்று அவள் சொன்னாளாம். ஒப்பு வாங்குகிற புஸ்தகத்தைத் திருப்பிக் காட்டினான்.

தூண்டில் முள். அதன் தலையில் புள்ளி.

எனக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை பார்த்த உருவம் எனக்குள்ளிருந்து போவதில்லை, அது உனக்குத் தெரியும். குடையை அங்கேயே விட்டுவிட்டு மழையில் நனைந்து வந்தேன். தன்யா கல்லூரியில் இருந்தாள். அவளுடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் விரித்த பத்திரிகைத் தாளுக்குக் கீழே பஞ்சாயத்தில் இருந்து வந்த அந்த எழுத்து கிடந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே எனக்குத் தெரிந்தது.

நானும் அவளும் ஒரே பாயில் படுக்கிறோம். அவளுக்கு என் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு அவளுடைய மலையாள எழுத்து தெரியாது. எனக்கு மலையாளத்தில் வந்ததையெல்லாம் பன்னிரண்டு வயது முதல் அவள்தான் வாசித்துச் சொல்கிறாள். இனி நான் எதையெல்லாம் சந்தேகப்பட வேண்டும்? போன வருஷம் ஆஸ்பத்திரிச் சீட்டில் சர்க்கரை இல்லை என்று வாசித்தாளே, அதையா?

இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்ததும் சோறு போட்டேன். ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முன்னால் எழுதியவற்றை எல்லாம் தபால் பெட்டியில் போட்டது அவள். இதை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நீ என்ன தருவதாகச் சொன்னாய்? அதை மட்டும் எழுது.

செல்லபாய்


கள்ளிக்காடு
24-7-1997

அக்காவுக்கு,

பல்பு.

அதைத்தான் தருவதாகச் சொன்னேன். அன்று நீ அடுக்களைக்குப் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அதற்கு முந்தின வாரம் உதியன்குளங்கரை ஜங்ஷனில் வைத்து அவளிடம் எல்லாம் பேசியிருந்தேன். இந்தக் கடலாசு போனால் வீட்டுக்குக் கரண்டு வரும், மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரியப் படிக்க வேண்டாம், ஒரு டியூப் லைட்டும் நான் வாங்கிப் போடுகிறேன் என்று சொன்னேன். வண்டிக்கு என்று தெரிந்தால் அம்மச்சி சம்மதிக்கமாட்டாள், கரண்டு என்று மட்டும் சொல் என்றேன்.

அவள் சும்மா ஒப்புப் போடவில்லை. கடலாசை முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, "இதுல வண்டி அம்மச்சிக்குச் சொந்தம்னு கெடக்குதே பாட்டா, பென்ஷன் போவாதா?" என்று கேட்டாள். போகாது மக்கா என்றேன். இரண்டாவது தடவையும் கேட்டாள். நான் விசாரித்துவிட்டேன், போகாது என்றேன்.

விசாரித்திருந்தேன் அக்கா. போகும் என்று ஏஜென்ட் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஏப்ரலில் அந்த எழுத்து வந்ததும் அவள் பஸ் ஏறி இங்கே வந்தாள். வெயிலில் வந்து வாசலில் நின்று அழுதாள். நான் சரியாக்குகிறேன், அதுவரை அம்மச்சியிடம் சொல்லாதே, சொன்னால் உன் மேலும் கேஸ் வரும் என்று பயங்காட்டி அனுப்பினேன். பதினேழு வயதுப் பிள்ளை. பிறகு அவள் இங்கே வரவில்லை.

இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பொன்னுதாஸ்


உதியன்குளங்கரை
6-8-1997

பொன்னுதாசுக்கு,

வண்டியை நாலாம் தேதி காலையில் இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நான் ராஜப்பனிடம் போன் பண்ணச் சொன்னேன் அல்லவா. உன் மகன் கொண்டுவந்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கெஞ்சி இரண்டு மணிநேரம் சார்ஜ் ஏற்றினானாம். அப்படியும் ஜங்ஷன் ஏற்றத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து அவனும் இரண்டு சுமட்டுக்காரரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நீ எழுதியது சரிதான், பக்கத்தில் வந்து நின்றும் சத்தம் இல்லை. உன்னை மாதிரியே ஒரு வண்டிதான் உனக்குக் கிடைத்திருக்கிறது.

பச்சை நிறம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆடுகள் முதலில் பயந்தன, பிறகு சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டன.

ஆபீஸ்காரர் வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். தன்யா கதவோரம் நின்றாள். அவள் கை நிலைக்காலைப் பிடித்திருந்தது.

"இதில உள்ளத உங்களுக்கு வாசிச்சுக் கேப்பிச்சாங்களா அம்மச்சி? பயப்படாம சொல்லுங்க."

நான் சொல்லவேண்டியதை ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை பிசகாமல் நாவில் நின்றது. நீ இரண்டு தடவை அந்தப் பிள்ளையிடம் போகாது என்று சொன்னதை வாசித்தபிறகு, உன்னை ஜெயிலில் பார்க்க எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. ஆனால் கேசில் உன் பெயரை மட்டும் எழுத அவரிடம் இடம் இல்லை. சாட்சி இரண்டு.

"வாசிச்சுக் கேப்பிச்சாங்க" என்றேன். "எல்லாம் தெரிஞ்சு போட்ட ஒப்பு ஆக்கும்."

"ரெண்டாவது சாட்சி?"

"என் பேத்தி."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று மரச்சீனியைக் காட்டியவளும் நான்தானே. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அறுபத்தேழு வயது வரை நான் சர்க்காரிடம் பொய் சொன்னதில்லை. உன்னால் அதுவும் ஆயிற்று. பென்ஷன் இனி வராது.

நீ மாதாமாதம் தருவதாகச் சொன்ன பணம் வேண்டாம். அதைக் கொண்டுவருகிறவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டான்.

இனி வண்டி விஷயம். அது என் வண்டி. அதன் புஸ்தகத்தை உன் மகனிடமிருந்து வாங்கி என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் முந்தானையில். பெயர் உள்ளவரின் வீட்டில் பிளக் வேண்டும் என்று கடலாசில் உள்ளதாக நீயே எழுதினாய். ஆபீஸ்காரர் அதற்கு ஓணம் வரை தவணை கொடுத்திருக்கிறார். மூன்று போஸ்டும் நீ போடு. நிலத்தை விற்பாயோ, தள்ளிவந்த கல்யாணக்காரர்களிடம் கூலி கேட்பாயோ, அது உன் பாடு. என் வீட்டில் பல்பு எரிகிற அன்று உன் மகன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். அதுவரை ஆடு படுக்கும். "மாமி, பெண் வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்ல?" என்று அவன் கேட்டான். "வண்டி உங்க மாமிக்குச் சொந்தம்னு உள்ளதச் சொல்லு மக்கா" என்றேன்.

நேற்று தன்யா கல்லூரிக்குப் போகவில்லை. ஆபீஸ்காரர் போன நேரம் முதல் என் முகத்தைப் பார்க்காமல் வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள், பெருக்கின இடத்தையே பெருக்கினாள். நான் கூப்பிட்டு, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வரச் சொன்னேன்.

"எனக்கு மலையாளம் எழுத்துப் படிக்கணும்" என்றேன்.

"இனி எதுக்கு அம்மச்சி?"

"பஞ்சாயத்துல இருந்து எழுத்து வந்தா வாசிக்க வேண்டாமா?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்து, "எதுல தொடங்கணும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல உன் பேர எழுதிக் காட்டு."

எழுதினாள். பெரிய எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல.

"அதுக்குக் கீழ ஒப்புப் போடு."

பென்சில் நின்றது. நான் காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை. அவள் குனிந்து போட்டாள். தூண்டில் முள் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"புள்ளி?" என்றேன்.

அவள் வைத்தாள். பென்சில் முனை ஒடிந்தது. நான் கத்தியை எடுத்து முனை சீவிக் கொடுத்தேன். அடுத்த எழுத்தைக் காட்டச் சொன்னேன். அழுதுகொண்டே காட்டினாள். நானும் எழுதினேன். அவளை அடிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் காட்டுகிற எழுத்து அந்த எழுத்துத்தானா என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு இனி போகாது. அதை எனக்குள் போட்டது நீ.

இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தமிழில் எழுதுகிறாய் என்றாய். மணலில் நான் விரல் பிடித்துச் சொல்லித் தந்த எழுத்து அது. இதற்குப் பதில் எழுத வேண்டாம், எழுதினாலும் பிரிக்கமாட்டேன். லைன்மேனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மலையாளத்தில் எழுது. மெதுவாக வாசித்துக்கொள்வேன்.

தமிழ் இனி உனக்குத் தேவைப்படாது. மறந்துவிடு.

செல்லபாய்